சொக்கம்மாள் கார்த்திகையில் ஊற்றிய கூழ்

ஆடி மாசம் கூழ் ஊற்றாத தெரு வடசென்னையில் கிடையாது. கார்த்திகை மாசத்தில், அடைமழையில், முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு தெருவுக்கே கூழ் ஊற்றிய ஒரே பொம்பளை எங்கள் வியாசர்பாடி சொக்கம்மாள் அக்காதான். அவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டே சொம்பைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்து நின்றவர்களை எனக்குப் பேர் பேராகத் தெரியும். நானும் நின்றேன். ஆனால் அந்தக் கூழில் விழுந்த ஒரு பிடி நொய் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் விட்டால் தெருவின் ஞாபகத்தில் அவள் வெறும் கிறுக்கச்சியாகத்தான் நிற்பாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

அக்கா பிறந்தது பர்மாவில். மோல்மீனுக்குத் தெற்கே, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன ஆட்கள் காட்டைத் திருத்தி வயலாக்கிக் குடியிருந்த ஒரு சின்ன ஊர். அறுபதுகளில் அங்கே ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணியெல்லாம் கைமாறி, நம்ம ஜனம் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்ததே, அதில் ஒரு கப்பலில் புருஷனோடு வந்து இறங்கினாள். தம்பி மாசானம் வரவில்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அம்மாவை அனுப்பிவிட்டு அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன் என்று சொன்னானாம். அந்த அம்மா லேசில் போகவில்லை, இன்னும் பல வருஷம் இருந்தாள். அதற்குள் தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பிள்ளைகள் பிறந்துவிட்டன, கப்பலும் நின்றுபோய்விட்டது. இதைச் சொல்லும்போதெல்லாம் செத்துப்போன அம்மா மேல் அக்காவுக்கு லேசாகக் கோபம் வரும்.

புருஷன் போன பிறகு, ராயபுரத்தில் ஹார்பர் சுவரை ஒட்டி ஒரு தள்ளுவண்டி போட்டாள். அத்தோ, வாழைத்தண்டு சூப், மொறுமொறுவென்று பேஜோ, வெங்காயம் அடைத்த முட்டை. அத்தோ என்றால் நூடுல்ஸ்தான், ஆனால் அவள் முன்னால் நூடுல்ஸ் என்று சொல்லிவிட்டு நல்லபடியாக வீடு திரும்பியவர் கிடையாது. முட்டைக்கோசும் புளித்தண்ணீரும் வறுத்த பூண்டும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பாள். நான் அப்போது ஹார்பரில் கொக்கி மாட்டுகிற கேங்கில் இருந்தேன். கப்பலிலிருந்து இறங்குகிற மரங்களுக்குச் சங்கிலி சுற்றிக் கொக்கி மாட்டுகிற வேலை. மூன்று வேளையில் ஒரு வேளை அக்கா வண்டியில்தான் சாப்பாடு.

மரக்கப்பல்கள் ரங்கூனிலிருந்துதான் வரும். அதில் வருகிற பர்மாக்கார சீமான்களுக்கு, அதாவது கப்பல் வேலைக்காரர்களுக்கு, மெட்ராசில் கோயிலும் வேண்டாம், சினிமாவும் வேண்டாம். கேட்டைத் தாண்டியதும் நேராக அக்கா வண்டிதான். அவர்கள் பாஷையில் அக்காவுக்கு 'அமா' என்று பேர். "அமா, அமா" என்று அவர்கள் சுற்றிச் சுற்றி வரும்போது அக்கா முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், அன்றைக்குக் கடன் சொன்னாலும் திட்ட மாட்டாள்.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. ஊரிலிருந்து வந்தவன் கிண்ணத்தைக் காலி செய்கிற வரை ஊர்ச் செய்தி கேட்கக் கூடாது. பசித்த வாயில் நல்ல செய்திகூடக் கோணலாகத்தான் வரும் என்பாள். கிண்ணம் காலியானதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அந்தச் சீமான்களில் ஒருத்தன் கோ டின். அவன் மாமியார் வீடு மாசானத்தின் ஊருக்குப் பக்கத்துச் சந்தையில். அவன் மூலமாகத்தான் அக்காவும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் உயிரோடு வைத்திருந்தார்கள். லெட்டர் எழுதினால் வழியிலேயே பிரித்துப் படித்துவிடுவார்கள், அதனால் லெட்டர் கிடையாது. பங்குனியில் எங்கள் தெரு முனீஸ்வரன் கோயிலில் தீமிதி முடிந்ததும், அக்கா ஒரு துணியில் சாம்பல் முடிந்து அனுப்புவாள். ஆடிக்கு முன்னால் தம்பி தன் வயலில் விளைந்த நெல்லை ஒரு பிடி மஞ்சள் துணியில் முடிந்து அனுப்புவான். அதை அக்கா உரலில் குத்தி நொய்யாக்கி, ஆடிக்கூழின் முதல் பானையில் போடுவாள். நெல் வந்தால் தம்பி இருக்கிறான், வயல் இருக்கிறது. அவ்வளவுதான் செய்தி, அதற்கு மேல் அவளுக்கு வேண்டியதில்லை.

இரண்டாயிரமாவது வருஷம் ஆடிக்குக் கோ டின் வந்தான். அக்கா கிண்ணத்தை வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. சூப்பில் ஏடு படிகிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து ஸ்டூலில் நான் இருந்தேன். அக்கா தன் சட்டத்தைத் தானே உடைத்தது அன்றைக்குத்தான். பர்மா பாஷையில் ஏதோ கேட்டாள். அவன் சொன்னான், கொஞ்சம்தான் சொன்னான். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பிய இஸ்துகினு பூட்டாங்களாம் ஜெயவேலு. மிலிட்டரிக்கு மூட்ட தூக்க."

அந்த ஊர்ப் பக்கம் அது வழக்கமாம். முதலில் ரோட்டுக்கு, ரயில் பாதைக்கு என்று வீட்டுக்கு ஒரு ஆள் கேட்பார்கள். கூலி கிடையாது, சோறுகூட வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டும். போகாத வீட்டுக்கு அபராதம். அப்புறம் மலையில் சண்டை என்றால், குண்டும் அரிசியும் சுமக்க ஆள் பிடிப்பார்கள். கண்ணிவெடி இருக்கும் பாதையில் சுமைக்காரனை முன்னால் நடக்கவிடுவார்களாம். மாசானத்துக்கு அப்போது ஐம்பது வயசு தாண்டிவிட்டது. அறுப்பு முடிந்த கையோடு, களத்திலிருந்தே கூட்டிப் போனார்களாம். போய் ஆறு மாசமாகிறது, ஆள் திரும்பவில்லை.

"புத்தர் கோயிலு கட்டறதுக்கு ஊரே சேந்து சும்மா வேல செய்யும். புண்ணியம்னு செய்யும். நானே மண்ணு சொமந்துகீறேன். இந்தப் பாவிங்க அதே புண்ணிய வேலன்ற பேர வச்சிகினு ஆளப் புடிக்கிறானுங்க" என்றாள் அக்கா. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு மிச்சமான அத்தோ முழுவதையும் காக்காய்க்குப் போட்டாள். அந்த ஆடியில் அவள் வீட்டில் கூழ் கிடையாது.

எங்கள் யூனியன் செயலாளர் ஹென்றி. ராயபுரத்துக்காரர், எதிலும் ஒரு வேகம், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. அவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். ஹென்றி அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். உலகத்துத் தொழிலாளர் அமைப்பு ஜெனீவாவில் இருக்கிறது, அங்கே பர்மாவில் நடக்கும் கட்டாய வேலையைப் பற்றிப் பெரிய விசாரணை நடந்திருக்கிறது, அந்த அரசாங்கத்தை நிறுத்தச் சொல்லி எல்லா நாடும் நெருக்குகிறது, ஊர் பேரோடு ஆள் பேரோடு சாட்சி கிடைத்தால் அனுப்பச் சொல்லி வெளிநாட்டு யூனியன்கள் கேட்கின்றன என்று மூச்சு விடாமல் சொன்னார். எங்கள் பங்குக்கு நாங்களும் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டோம். பேட்ஜைக் குத்திக்கொண்டு அதே பர்மா மரத்தை இறக்கினோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்கள் வயிறும் அந்த மரத்தில்தான் இருந்தது.

ஹென்றி அண்ணன் வண்டிக்கே வந்து அக்காவிடம் பேசினார். அக்காவுக்குப் பயம். "ஜெனீவா எங்கியோ கீது. என் தம்பி அவுங்க கைல கீறான். பேரக் குடுத்து, கோவத்துல ஏதாவது பண்ணிட்டான்னா?" என்றாள்.

"பேரு இல்லாத ஆளுக்கு எவனும் பதில் சொல்ல மாட்டான்க்கா. ஆயிரம் பேரு, பத்தாயிரம் பேருன்னு எய்தினா அத்த தொடச்சிப் போட்டுருவான். ஒரு ஊரு, ஒரு ஆளுன்னு கேட்டாதான் அவனுக்குப் பேஜாரு" என்றார் ஹென்றி.

பத்து நாளுக்கு மேல் யோசித்தாள். கடைசியில் யூனியன் ஆபீசுக்கு வந்து சொன்னாள். ஊர் பேர் சொன்னாள், எப்போது கூட்டிப் போனார்கள் என்று சொன்னாள். ஆள் பேர் கேட்டதும் "மாசானம்" என்றாள். ஹென்றி இங்கிலீஷில் அழகாக எழுதினார். எல்லாருக்கும் திருப்தி.

ஜெனீவா வழியாகப் பர்மா அரசாங்கத்தின் பதில் வர மறு வருஷம் ஆனது. அந்த ஊரில் விசாரித்ததில் மாசானம் என்று யாரும் கிடையாது, எப்போதும் இருந்ததும் கிடையாது. இரண்டே வரி. ஹென்றி அதை வாசித்துச் சொன்னபோது நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன். ஒரு மனுஷனைக் களத்திலிருந்து பிடித்துக்கொண்டு போய்விட்டு, அப்படி ஒருத்தன் பிறக்கவே இல்லை என்றால் கேட்டுக்கொண்டா இருக்க முடியும்? அக்கா மட்டும் எதையோ நினைத்து விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். ஹென்றிக்குத்தான் பொறி தட்டியது.

"அக்கா, ஒங்க தம்பிக்கு அங்க வேற பேரு எதுனா கீதா?"

"கீதே. லா மாங். காயிதத்துல எல்லாம் அதான் கீது."

"இத்த ஏன்க்கா மொதல்லியே சொல்லல?"

"நீ தம்பி பேரு இன்னான்னு கேட்ட. அவன் பேரு மாசானம். லா மாங்குன்றது கவர்மெண்டுக்கு வச்ச பேரு."

ஹென்றி நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. பர்மாவில் பிறந்த நம்ம ஆட்கள் எல்லாருக்கும் இப்படித்தான் இரண்டு பேர். ஸ்கூலுக்கும் சர்க்காருக்கும் ஒன்று, அம்மா கூப்பிட ஒன்று. தம்பிக்காகக் கேட்கும்போது அம்மா வைத்த பேரைத்தான் அவள் சொல்வாள். கவர்மெண்டிடம் கேட்க கவர்மெண்டு பேர் வேண்டும் என்று எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

"சரிக்கா, இப்ப அந்தப் பேர எய்தி மறுபடி அனுப்பறேன்" என்று ஹென்றி பேனாவை எடுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம் நைனா. இல்லாதவன்னு சொல்ட்டாங்கல்ல, இல்லாதவனாவே இருக்கட்டும். இல்லாதவன யாரும் அடிக்க மாட்டான்."

ஹென்றி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அந்த இரண்டாவது ஆடியும் வந்தது, போனது. கோ டின்னின் கப்பலே வரவில்லை. தெருவில் மற்ற வீட்டுப் பானைகள் கொதித்துக்கொண்டிருந்தபோது அக்கா வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். ஒரு பேரைச் சொன்னால் தம்பிக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் அவனைத் தேட ஆள் இல்லை. அந்தப் பேரை வாயில் அடக்கிக்கொண்டு ஒரு மனுஷி எத்தனை நாள் இருப்பாள்? வண்டியில் உப்பு கூடியது, புளி குறைந்தது. நாங்கள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டோம்.

கார்த்திகை பிறந்து, சென்னை மிதந்துகொண்டிருந்த ஒரு பகலில் கோ டின் வந்தான். வண்டியை நெருங்கும்போதே மழைக்கோட்டுக்குள் கையை விட்டு அந்த மஞ்சள் முடிச்சை எடுத்தான். அக்கா வாங்கவில்லை. கிண்ணத்தைத்தான் நீட்டினாள். "மொதல்ல துன்னு" என்று தமிழிலேயே சொன்னாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கிண்ணம் அத்தோவை அவசர அவசரமாகத் தின்றான். அவன் தின்று முடிக்கிற வரை அக்கா அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழைச்சாரல் முகத்தில் அடித்ததால் அழுகிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவன் சொன்னதை அக்கா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஜெனீவாவிலிருந்து கேள்வி போனதும் ஒரு ஆபீசர் அந்த ஊருக்கு வந்து, "மாசானம் யார்?" என்று கேட்டிருக்கிறார். ஊரே வாயைக் கட்டிக்கொண்டது. அப்படி யாரும் இல்லை என்று ஊர்த் தலைவர் சொன்னார். பக்கத்து வீடு சொன்னது. மாசானத்தின் பொண்டாட்டியும், இடுப்பில் பேரப்பிள்ளையோடு, அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியாது என்று சொன்னாளாம். நாங்கள் ராயபுரத்தில் உட்கார்ந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தோம். அவனை இல்லாதவனாக்கியது அவன் வீட்டு ஜனம்தான், அவனைக் காப்பாற்றத்தான்.

ஆனால் ஆபீசருக்கு ஒரு விஷயம் உறைத்துவிட்டது. இந்த ஊர் பேர் வெளிநாடு வரைக்கும் போயிருக்கிறது. ஜெனீவாக்காரர்கள் நேரிலேயே வந்து சுற்றிப் பார்க்கப்போகிறார்கள் என்ற பேச்சும் அப்போதுதான் வந்ததாம். மந்திரி வருகிறார் என்றால் நம்ம கார்ப்பரேஷன்காரன் தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவுகிறானே, அது மாதிரி, பேர் வெளியே தெரிந்த ஊர் ஆட்களை மட்டும் முகாமிலிருந்து சத்தமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாசானம் நடந்தே வந்து சேர்ந்தான். தோள் இரண்டும் புண். ஒரு காது கேட்காது. நெல் மட்டும் அவன் வயல் நெல்தான், பொண்டாட்டியும் மகளும் நட்டு அறுத்தது.

"மனசு மாறி வுடல. யாரோ பாக்கறாங்கன்னு வுட்டுகீறாங்க" என்றாள் அக்கா. "எப்டியோ வுட்டாங்களே, அத்தச் சொல்லு" என்றேன் நான்.

கோ டின் அத்தோடு நிறுத்தவில்லை. மாசானம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தான். அவனோடு மூட்டை தூக்கிய பக்கத்து ஊர் ஆட்கள் ஏழு பேர் இன்னும் மலையில் இருக்கிறார்கள். அவர்கள் ஊர் பேரை யாரும் எங்கேயும் எழுதவில்லை, அதனால் அவர்களை விடவில்லை. அவர்கள் வீட்டு ஜனம் பேரைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டது. கண்ணால் பார்த்த சாட்சி ஒருத்தன் வேண்டுமே, அதற்குத் தன் பேரைக் கொடுக்கச் சொன்னான். கவர்மெண்டு பேரை.

இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தவனை மறுபடி அவர்கள் வாயில் கொண்டுபோய் வைக்கிற காரியம் அது. தப்பு நடந்தால் அடுத்த முடிச்சு வராது, அப்புறம் எப்போதும் வராது. அவள் நினைத்தது எனக்குத் தெரிந்தது. வேண்டாம்க்கா, தம்பி வந்துவிட்டான், இத்தோடு விடு என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அவள் கோ டின்னை அந்த ஏழு பேரையும் ஊர் ஊராகச் சொல்லச் சொன்னாள். காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தால் ஆபத்து என்று அவனும் மனசிலேயேதான் கொண்டு வந்திருந்தான். அவன் சொல்லச் சொல்ல இவள் திருப்பிச் சொன்னாள். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. மனப்பாடம் ஆனதும் வண்டியை என்னிடம் விட்டுவிட்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு, முணுமுணுத்தபடியே தண்ணீரில் இறங்கி நடந்தாள். வழியில் யார் கூப்பிட்டாலும் திரும்பவில்லை, பேர் மறந்துவிடுமே. நான் அடுப்பை அணைத்துவிட்டு, வண்டியைக் கோ டின் தலையில் கட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

ஹென்றி ஆபீசில் ஒழுகுகிற இடத்துக்கு வாளி வைத்துக்கொண்டிருந்தார். அக்கா உட்காரவில்லை. "எய்து" என்றாள். ஏழு பேரையும் சொல்லி முடித்தாள். "பாத்த ஆளு பேரு?" என்று ஹென்றி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"லா மாங்" என்றாள். அப்புறம், "அது பக்கத்துலயே மாசானம்னும் எய்து. ரெண்டையும் எய்து. இன்னொரு வாட்டி என் தம்பிய இல்லாதவன்னு எவனும் சொல்லக் கூடாது" என்றாள். அப்போதுதான் அழுதாள். ஹென்றி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றார், அவர் கண்ணும் சரியில்லை.

மறுநாள் அந்த நெல்லைக் குத்தினாள். ஆடி முடிந்து மூன்று மாசம் ஆச்சே என்றதற்கு, "என் ஆடி இப்பத்தான் வந்துகீது" என்றாள். கனமான பானை இரண்டு, கேழ்வரகு மாவு, அந்த ஒரு பிடி நொய். தெருவில் தண்ணீர் வடியவில்லை. அடுப்பைப் பெஞ்சு மேல் ஏற்றி வைத்துக் காய்ச்சினோம். கூழில் மழை விழுந்தது. வாங்கிக் குடித்தவர்கள் தண்ணியாக இருக்கிறது என்று குறை சொன்னார்கள். அக்கா சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அடுத்த ஆடி வரைக்கும் அவள் பட்ட பாட்டை நான் எழுதப்போவதில்லை. மரக்கப்பல் வந்தது என்று காதில் விழுந்தால் கேட்டுக்கு ஓடுவாள், கோ டின் இல்லை என்று தெரிந்ததும் ஒன்றும் நடக்காதது மாதிரி வெங்காயம் நறுக்குவாள். ஆடி பிறப்பதற்குச் சில நாள் முன்னால் அவன் வந்தான். சாப்பிட்டான். கிண்ணத்தைக் கழுவியே வைத்துவிட்டு, பையிலிருந்து முடிச்சுகளை எடுத்து வண்டிப் பலகை மேல் ஒவ்வொன்றாக வைத்தான்.

முதல் முடிச்சு மாசானத்துடையது. அப்புறம் இன்னொன்று, இன்னொன்று, இன்னொன்று. பக்கத்து ஊர்களில் ஆள் திரும்பிய வீடுகள் கொடுத்தனுப்பிய நெல். அவர்கள் தமிழர்கள்கூட இல்லை, கூழ் என்றால் என்னவென்றே தெரியாது. மெட்ராசில் ஒரு அமா இருக்கிறாள், நெல் போய்ச் சேர்ந்தால் அவளுக்குச் சந்தோஷம் என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா பலகையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். தம்பியை விட்டால் மூன்று. ஏழு இல்லை. மறுபடி எண்ணினாள். கோ டின்னின் பையை வாங்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். அப்புறம் அந்த நாலு முடிச்சையும் மடியில் கட்டிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "வண்டியப் பாத்துக்க ஜெயவேலு. ஹென்றிகிட்ட போய்ட்டு வர்றேன். இன்னும் நாலு பேரு வூட்டுக்கு வரல."